ஐஸ் பெட்டியில் மாகாளி விதைகள்

நான் செய்த முதல் விதைக்கு வால் இருந்தது. குளத்துத் தலைப்பிரட்டையைப் போல ஓர் உருண்டைத் தலை, பின்னால் மெல்லிய இழையாய் ஒரு வால். கண்ணாடிக் குவளையின் அடியில் அது கிடந்த கிடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டதில் ஒன்றுகூட உருண்டையாக விழவில்லை. எல்லாமே வால் முளைத்தவை.

விதையைச் செய்வதா, அது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். செடியின் தண்டில் இலை புறப்படும் இடத்தில் கணு இருக்கும். கணுவில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். கிருமி அண்டாத பாட்டிலில் வளர்த்த செடியிலிருந்து அந்தக் கணுவை அரிசி அளவுக்கு நறுக்க வேண்டும். கூழ் போன்ற ஒரு திரவத்தில் அதைப் போட்டு, கூழோடு சேர்த்து உறிஞ்சி எடுத்து, கால்சியம் கலந்த தண்ணீரில் ஒரு சொட்டாக விட வேண்டும். தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் சொட்டைச் சுற்றித் தோல் கட்டும். சற்று நேரத்தில், கணுவை வயிற்றில் வைத்துக்கொண்ட ஒரு முத்து கையில் இருக்கும். அதைக் குளிரில் பத்திரப்படுத்தலாம், ஊர் விட்டு ஊர் கொண்டுபோகலாம், மண்ணில் விதைக்கலாம். பூவும் காயும் இல்லாமல், கையால் உண்டாக்கிய விதை. பாடப் புத்தகத்தில் அதற்குச் செயற்கை விதை என்று பெயர்.

எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், கடலைப் பார்த்த ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பங்காளிகளோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாந்தோம் தேவாலயத்திலிருந்து வருகிற கூட்டம் அம்மாவின் கூடைக்கு முன்னால்தான் முதலில் நிற்கும். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுத்திருக்கிறேன். மயிலாப்பூரில் கல்லூரியில் சேர்ந்தபோது, மீன்கார வீட்டுப் பெண்தானே, விலங்கியல் எடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் தாவரவியல் என்று எழுதிக் கொடுத்தேன். மீனை அறுத்தது போதும் என்று இருந்தது. பிறகு படித்துக்கொண்டே போனேன். அடையாறில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த அன்று அம்மா கேட்டாள்:

"ஆய்வுன்னா இன்னாடி? அங்க போயி இன்னாத்த ஆயப்போற?"

"செடிய ஆயப்போறேம்மா."

"கீர ஆயறதுக்கா இவ்ளோ படிப்பு?"

அவள் கேலி செய்தாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் மீன் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிது, செடி டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தின் தலைவர் ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மயிலாப்பூர்க்காரர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற வீடு. அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் வேலை இருக்கும். சேர்ந்த புதிதில் நான் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போய்விடுவேன். என் டப்பாவில் பெரும்பாலும் மீன் குழம்பு இருக்கும். எதற்கு வம்பு என்றுதான். ஒரு நாள் மேடமும் தன் டப்பாவோடு அங்கே வந்து நின்றார்.

"நானும் இங்கயே உக்காந்துக்கறேன். உள்ள உக்காந்தா எல்லாரும் என்னைத் துரத்தறா."

டப்பாவைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருமே, அந்த வாசனை.

"மாகாளிக் கெழங்கு ஊறுகா. எங்காத்துல இது இல்லாம தயிர் சாதம் எறங்காது. மத்தவாளுக்கு இது பேரைக் கேட்டாலே ஓட்டம்" என்றார்.

"என் டப்பாவுல வஞ்சிரம் இருக்கு மேடம்" என்றேன், தயங்கித் தயங்கி.

"இருக்கட்டுமே. என் மாகாளி முன்னாடி உன் வஞ்சிரம் எடுபடவே எடுபடாது."

இருவரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து அந்தப் படிக்கட்டு எங்கள் இருவருக்கும் சொந்தமானது. அங்கேதான் மாகாளியைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன். அது கொடி, மலைப் பாறை இடுக்குகளில் படரும். அதன் வேர்தான் கிழங்கு என்று கடைக்கு வருகிறது. ஊறுகாய்க்கு மட்டும் அல்ல, பசி எடுப்பதற்கும் உடம்புச் சூடு தணிவதற்கும் சித்த மருந்துகளில் சேர்கிறது. நன்னாரி என்று விற்கிற சர்பத்துகள் பலவற்றில் உள்ளதும் இந்த வேர்தான். வேருக்காகத் தோண்டினால் கொடி செத்துப்போகும். காய்ப்பதும் குறைவு, விழுகிற விதைகள் முளைப்பதும் குறைவு. முன்பெல்லாம் மாட வீதியில் மணிக்கட்டுப் பருமனுக்குக் கிழங்கு வருமாம்.

"இப்போ பாரு, பென்சில் மாதிரி வர்றது. கொழந்தையைப் பிடிச்சுண்டு வந்து விக்கறா" என்று மேடம் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு வெத பண்ணிப் பாக்கலாமா மேடம்?"

அவர் மெல்வதை நிறுத்தினார். எவ்வளவோ பேர் பாட்டிலில் மாகாளிச் செடி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பாட்டில் செடியை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி வாடிவிடும். மீதியைத் தூக்கிச் சுமக்க ஆளும் வண்டியும் வேண்டும். விதையாக இருந்தால் ஒரு பைக்குள் ஒரு காடு போகும். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் டப்பாவை மூடினார்.

"சரி. பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனோம். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மலை ஏறுவது சுலபம் இல்லை. அங்கே பெண்கள் குழு ஒன்று நாற்றங்கால் நடத்தி வந்தது. அந்தக் குழுவின் தலைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நெடுநெடுவென்று நடப்பவர். அவர்தான் ஒரு சரிவில் பாறையைப் பிடித்துப் படர்ந்திருந்த கொடிகளைக் காட்டினார். வேரைத் தொடாமல் தண்டு மட்டும் நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்தோம். அடுத்த ஆண்டு நாங்கள் மறுபடி போனபோது அந்தச் சரிவில் கொடிகள் இல்லை. குழிகள் மட்டும் இருந்தன. யாரோ மொத்தமாகத் தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கொடிகளின் வம்சம் அடையாறில் எங்கள் பாட்டில்களில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

வால் பிரச்சினைக்கு வருகிறேன். கூழ் கெட்டியாக இருந்தால் சொட்டு இழுத்துக்கொண்டே விழும். நீர்த்துவிட்டால் முத்தே கட்டாது. கையைத் தண்ணீருக்கு மிக அருகில் வைத்தாலும் வால், மிகவும் தூக்கினால் சொட்டு தட்டையாகச் சிதறும். எழுதிவைத்த அளவுகளை வைத்துக்கொண்டு பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் கூழின் கெட்டியை ஒவ்வொரு சிட்டிகையாகக் குறைத்து, கையின் உயரத்தை ஒவ்வொரு விரலாக மாற்றி, என் கைக்கென்று ஓர் அளவைக் கண்டுபிடித்தேன். முதல் உருண்டை முத்து விழுந்தபோது அது தண்ணீருக்குள் மெதுவாகச் சுழன்று இறங்கியது. உள்ளே பச்சையாய்க் கணு. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்கள்.

ஆனால் முத்து அழகாக இருந்தால் மட்டும் போதுமா? முளைக்க வேண்டுமே. தோல் கெட்டியாகிவிட்டதால் மொட்டு உள்ளேயே முட்டிக்கொண்டு கறுத்தது. பொட்டாசியம் உப்புக் கரைசலில் சற்று நேரம் ஊறவைத்தால் தோல் இளகும் என்று படித்து, அதைச் செய்தேன். தளிர் வெளியே வந்தது, வேர் வரவில்லை. வேர் இல்லாத தளிர் எத்தனை நாள் நிற்கும்? ஒரு மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. பிறகு, கணுவை மூடிய பின் வேரைக் கேட்பதைவிட, மூடுவதற்கு முன்பே வேர்விடத் தூண்டும் மருந்தில் சில நாள் வைத்துவிட்டு மூடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்தவற்றில் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. மறுநாள் அது நூல். அதற்கு மறுநாள் அது வேர். இந்த யோசனை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அல்ல. என் புத்தியில் உதித்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

முளைக்காமல் கழித்த முத்துகள் சிலவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மீன் சினை மாறி கீது?"

"வெதம்மா. நான் பண்ண வெத."

"தோலு இன்னாத்துல பண்ண?"

"கடப்பாசில எடுத்த மாவு. ராமேஸ்வரம் பக்கம் கெடைக்குது பாரு, அந்த மாறிப் பாசி."

வலை பின்னிக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார். "பாசியா? அது வலைல மாட்டிக்கினா திட்டிக்கினே பிச்சிப் போடுவோமே. அதுலயா மலைச் செடிக்கு வெத பண்ற?"

"ஆமா நைனா."

அவர் டப்பாவை வாங்கி, ஒரு முத்தை உள்ளங்கையில் உருட்டினார். "நம்ம கடலு மலைக்குப் போவுது" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சினை என்றே பெயர். "சினை நல்லா கீதா?" என்று நைனா கேட்டால், என் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று அர்த்தம்.

மலையில் நடவுக்கு ஏற்ற பருவம் வரும்வரை விதைகளைக் குளிரில் உறங்கவைக்க வேண்டும். அந்த ஆண்டு ஐப்பசியில் தொடங்கி விதைகளைச் செய்து, சிறு சிறு டப்பாக்களில் அடைத்து, ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் அடுக்கி வந்தேன். தோண்டப்பட்ட சரிவின் கொடிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டப்பா. டிசம்பரில் புயல் வந்தது.

இந்த நகரத்தில் இருக்கிற யாருக்கும் அந்த மழையை விவரிக்க வேண்டியதில்லை. மழை விட்ட காலையில் நான் அடையாறு பாலத்தைத் தாண்டி நடந்தே ஆய்வகத்துக்குப் போனேன். பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு கடலுக்கு ஓடிற்று. ஆய்வகம் மூன்றாவது மாடி என்பதால் தப்பியிருந்தது. ஆனால் ஜெனரேட்டர் கீழ்த்தளத்தில், முழுக்கத் தண்ணீருக்குள். மேலே பாட்டில்கள் வைத்திருந்த அறையில் கூரை ஒழுகி, அலமாரிகள் எல்லாம் ஈரம். குளிர்பெட்டியைத் திறந்தேன். குளிர் பாதி போய்விட்டிருந்தது. இன்னும் சில நாள் இப்படிக் கிடந்தால், உறங்க வேண்டிய மொட்டுகள் விழித்துக்கொள்ளும், அல்லது பூஞ்சை பிடித்து அழுகும். இரண்டில் எது நடந்தாலும் விதை வீண்.

மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அவர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

"எங்காத்துலயும் கரண்ட் இல்லையேம்மா. மயிலாப்பூர் பூரா இல்ல. எந்த ஆத்துல ஃப்ரிட்ஜ் ஓடிண்டிருக்கும் இப்போ?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அந்தச் சரிவு போயிடுத்து. இதுவும் போச்சுன்னா..."

அந்த நேரத்தில் என் மனத்தில் ஒன்று பளிச்சென்று பட்டது. கரண்ட் இல்லாமல் குளிரைக் காப்பாற்றுவது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் அன்றாட வேலை அல்லவா?

"மேடம், ஐஸ் இருக்கு. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

புயல் எச்சரிக்கையால் படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லாததால் ஐஸ் வாங்கவும் ஆள் இல்லை. ஐஸ் கடையில் சாக்கு போர்த்திய ஐஸ் பார்கள் அப்படியே கிடந்தன. நான் ஃபோன் செய்ததும் நைனா அதில் ஒரு பாரை உடைத்து வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு அடையாறுக்கே வந்துவிட்டார். அம்மாவின் தெர்மாகோல் பெட்டி வண்டியில் இருந்தது. நான் மூன்று மாடி ஏறி இறங்கி டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுக்க, அவர் ஒவ்வொன்றையும் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். பாலத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்டார்:

"இன்னா நைனா, இந்தப் புயல்லயும் மீனா? இன்னா மீனு?"

"மீனு இல்லபா. மலை" என்றார் நைனா.

வீட்டில் அம்மா இன்னொரு பெட்டியையும் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவித் தயாராக வைத்திருந்தாள். அவள் கவலை வேறு.

"ஏண்டி, வெதைல கவுச்சி ஏறிடாது?"

"டப்பா மூடி கீதும்மா. ஏறாது."

ஆனால் வேறு சிக்கல் இருந்தது. மீனுக்கு எவ்வளவு குளிர் இருந்தாலும் நல்லது. விதைக்கு அப்படி அல்ல. ஐஸ் நேராகத் தொட்டால் முத்து உறைந்து உள்ளே கணு செத்துவிடும். நானும் அம்மாவும் உட்கார்ந்து அதற்கு ஒரு வழி செய்தோம். அடியில் நொறுக்கிய ஐஸ், அதன்மேல் மடித்த சாக்கு, அதன்மேல் செய்தித்தாள், அதற்குமேல் டப்பாக்கள். நடுவில் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு வெப்பமானி. ஏறினால் அவள் ஐஸ் போடுவாள், இறங்கினால் நான் இன்னொரு சாக்கு வைப்பேன். வெப்பமானியைப் படிக்க அவளுக்கு ஒரு முறைதான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவளே, "நாலுல நிக்கிது, நீ போயி சாப்டு" என்று என்னை விரட்டினாள். மெழுகுவத்தியும் மாதா படமும் இருக்கிற மூலைதான் வீட்டில் வெயில் படாத இடம் என்பதால் பெட்டிகளை அங்கே வைத்தோம். பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் வேண்டுதல் ஏதோ என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா மறுக்கவும் இல்லை.

கரண்ட் வருவதற்கு முன்பே கடல் திறந்தது, படகுகள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். புயலுக்குப் பிறகு முதல் முறை படகுகள் போய் வரும்போது மீனுக்கு அவ்வளவு கிராக்கி இருக்கும். அம்மாவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே பக்கத்து வீட்டில் ஓர் அலுமினிய அன்னக்கூடையை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"பொட்டிய தொடாத. மீனு நாளைக்கும் வரும்" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவில் தண்ணீர் வடிந்த அன்று மேடம் வந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க வாசலில் நின்றார். எத்தனையோ ஆண்டாக மயிலாப்பூரில் இருந்தும் கடற்கரையில் எங்கள் பக்கம் அவர் வந்ததில்லை. அம்மா அவசர அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மேடம் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேரே போய்த் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வெப்பமானியைப் பார்த்தார். ஒரு டப்பாவை எடுத்து முத்துகளை வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக, பச்சைக் கணுவோடு, உறங்கிக்கொண்டிருந்தன.

"கவுச்சியே வரலையே" என்றார்.

"ஐஸ்ல கீற பொருளு ஏம்மா நாறப்போவுது?" என்றாள் அம்மா, கொஞ்சம் ரோஷத்தோடு.

மேடம் சிரித்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஐஸை நொறுக்கி நொறுக்கிச் சிவந்திருந்தது. டீ போடலாமா வேண்டாமா என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்காத்துல டீ கெடைக்குமா? நடந்து வந்ததுல தலைய வலிக்கறது" என்று மேடமே கேட்டுவிட்டார்.

ஆய்வகத்தில் கரண்ட் வந்து குளிர்பெட்டி ஓடத் தொடங்கியதும், மீன்பாடி வண்டியிலேயே விதைகள் திரும்பிப் போயின. ஆனால் பாட்டில்கள் பிழைக்கவில்லை. ஈரம் ஏறிய அறையில் பூஞ்சை ஒவ்வொரு பாட்டிலாகப் பிடித்தது. மாதக்கணக்கில் வளர்த்தவற்றை, பூஞ்சை மேலும் பரவாமல் இருக்க, வாளி வாளியாக வேகவைத்துக் கொட்டினோம். கடைசியில் அந்தச் சரிவின் மாகாளிக்கு உலகத்தில் மிஞ்சியது எங்கள் வீட்டு மூலையில் இருந்து வந்த டப்பாக்கள் மட்டுமே.

பங்குனியில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் சில விதைகளை எடுத்து, தட்டில் நனைத்த தேங்காய் நார்த்தூளில் பதித்தேன். நம்பிக்கையோடு என்று சொல்லமாட்டேன். தினமும் காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் தட்டைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை, ஒரு முத்தின் தோல் வெடித்து, பச்சையாக ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் தட்டு முழுக்கப் பச்சை மூக்குகள். அடியில் மெல்லக் கிளறிப் பார்த்தால் வெள்ளை வேர். எல்லாம் முளைத்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும், அதாவது அந்தச் சரிவின் ஒவ்வொரு கொடியிலிருந்தும், முளைத்தது. ஒரு கொடியின் வம்சம்கூட அறுந்துபோகவில்லை.

மேடம் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "பண்ணிட்டே" என்றார். அவரிடமிருந்து அந்த ஒரு வார்த்தைக்குமேல் நான் எதிர்பார்த்ததும் இல்லை, எனக்கு வேண்டியிருந்ததும் இல்லை.

ஆய்வேடு எழுதும்போது, புயல் நாட்களில் விதைகளைச் சேமித்த முறையைக் குறிப்பிடும் இடத்தில், குளிர்காப்புப் பெட்டி என்று நாசூக்காக எழுதியிருந்தேன். மேடம் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"என்ன பெட்டின்னு எழுது. மீன் விக்கற தெர்மாகோல் பெட்டின்னு எழுது. யார் பாத்துண்டான்னும் எழுது. நாளைக்கு இன்னொரு எடத்துல கரண்ட் போனா, படிக்கறவாளுக்கு அதான் உபயோகம்."

அப்படியே எழுதினேன். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தை வீட்டில் தமிழில் படித்துக் காட்டினேன். நைனா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்; பாத்திரம் கழுவுகிற சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது. வாய்மொழித் தேர்வு நடந்த அன்று இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். நான் பதில் சொல்லி முடித்ததும், மற்றவர்கள் கை தட்டுவதற்கு முன்பே ஒரு கைதட்டல் கேட்டது. அது நைனா.

இப்போது அந்தச் சரிவில் மாகாளி இருக்கிறது. விதைகள் முளைத்த அந்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், மீதி விதைகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். நாற்றங்காலில் பெண்கள் குழுவோடு உட்கார்ந்து விதைத்தோம். கன்றுகள் தேறியதும், தோண்டிப் போட்ட அதே குழிகளில் மண் நிரப்பி நட்டோம். எல்லாக் கன்றும் பிழைத்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வெயிலில் சில போயின, முயல் சிலவற்றைக் கடித்தது. மிஞ்சியவை பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டன. வேரை முழுக்கத் தோண்டாமல், பக்க வேரை மட்டும் எடுத்துக்கொண்டு கொடியை விட்டுவைப்பது என்று குழுவே ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

சென்ற மாதம் போயிருந்தபோது, கிளம்புகிற சமயத்தில் குழுத் தலைவி என்னை நிறுத்தினார். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். பிரித்தால், தேக்கு இலையில் சுற்றிய ஒரு கொடித்தண்டு. இலையைக் கிள்ளி வாயில் போடச் சொன்னார். மென்றேன். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்த கடலை மிட்டாயைக் கடித்தபோது இனிப்பே தெரியவில்லை. மண்ணைத் தின்பது போல இருந்தது. சிறுகுறிஞ்சான். சர்க்கரை நோய்க்கு என்று வண்டி வண்டியாக இலை போகிறது என்றார்.

"இதுவும் கொறஞ்சிட்டே வருதுங்க. இதுக்கும் அந்த மாதிரி முத்து செஞ்சு தர முடியுமா?"

எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகியதைப் போல அல்ல, செய்யத் தெரிந்தவளிடம் கேட்பது போலக் கேட்டார். தண்டைத் திருப்பிப் பார்த்தேன். கணுக்கள் நெருக்கமாக இருந்தன. மாகாளியைவிட மெல்லிய தண்டு. கூழை இன்னும் கொஞ்சம் நீர்க்க வைத்தால் சொட்டு நன்றாக விழும் என்று மனம் அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

"செய்யலாங்க" என்றேன்.

தண்டை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். சென்னைக்குள் நுழைந்ததும் வீட்டுக்குப் போகாமல், நேரே அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன்.